வானிலையின் மேல் போட்ட பழி

குதிரை பூட்டிய வண்டிகளில் இங்கிலாந்து பிரயாணம் செய்துகொண்டிருந்த காலத்தில், அரசாங்க அஞ்சல் வண்டியின் காவலர் பூட்டிய கடிகாரம் ஒன்றைத் தம்முடன் எடுத்துச் சென்றார் என்றாலும், அவ்வண்டியில் இடம் பிடித்து ஏறிய சாமானியப் பிரயாணி, நிமிஷக் கணக்கில் தமக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருப்பதாகக் கருதவில்லை. சேறு நிறைந்த பாதையும் பனி மூடிய மேடும் அனுமதித்த வேகத்தில் ஊர் போய்ச் சேர்வதையே இயல்பென்று ஏற்றுக்கொண்டார். இந்த மனநிலையை ரயில் மாற்றியது. 1839-இல் பிராட்ஷா என்பவர் ரயில்களின் கால அட்டவணையை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். 1840-இல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் பாதையில் லண்டன் நேரத்தையே அனுஷ்டிக்கலாயிற்று. ஊருக்கு ஊர் சூரியனைக் கொண்டு கணித்த நேரம் மெல்ல மறைந்து, 1880-இல் கிரீன்விச் நேரமே சட்டம் ஒப்புக்கொண்ட நேரமாயிற்று. நிமிஷத்தை அச்சில் ஏற்றி வாக்களித்த ஸ்தாபனம், அந்த வாக்குத் தவறிய போதெல்லாம் காரணம் கூறவும் கடமைப்பட்டதாயிற்று.

அவ்வாறு கூறப்பட்ட காரணங்களில் வானிலைக்குப் பிரதான இடம் உண்டு. மூடுபனி, உறைபனி, உதிர்ந்த இலை, கோடை வெப்பம் என்று பருவத்துக்கு ஒன்றாக அவை மேடைதோறும் அறிவிக்கப்பட்டன. அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்பும் சீசன் டிக்கெட் பிரயாணிகள் அவற்றை நம்பாமலே கேட்டுப் பழகினார்கள். ஆயினும் அக்காரணங்களின் சரித்திரத்தை ஆராய்கிறவருக்கு இரண்டு விஷயங்கள் புலனாகும். அவற்றுள் பெரும்பாலானவை மெய்யானவை என்பது ஒன்று. ஒவ்வொன்றின் பின்னாலும், பல ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் செய்து பின்னர் மறந்துபோன ஒரு தீர்மானம் இருந்தது என்பது மற்றொன்று.

மூடுபனியை முதலில் எடுத்துக்கொள்வோம். நீராவி யுகத்தில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் குறித்து வைத்த ஓர் அடையாளம் மறைந்துவிட்டால், கைகாட்டி அறையில் இருப்பவர் தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளர்களை வரவழைப்பார். ஒவ்வொரு கைகாட்டியின் அடியிலும் ஒருவர், கரி நெருப்பு ஒன்றை மூட்டிக்கொண்டு, இரவு பகலாகக் காவல் நிற்பார். கைகாட்டி தடை காட்டும்போது தண்டவாளத்தின் மேல் வெடிச்சிமிழ் ஒன்றைப் பொருத்தி, வழி திறந்ததும் அதை எடுத்துவிட்டு விளக்கைக் காட்டுவார். பனித்திரையில் எதையும் காணாத டிரைவர், சக்கரத்தின் அடியில் எழுந்த வெடியோசையைக் கேட்டு வண்டியை நிறுத்துவார். இந்த ஏற்பாட்டினால் வண்டிகள் ஊர்ந்து சென்றன. அந்தத் தாமதமோ உயிர்களைக் காத்த தாமதம். 1957 டிசம்பர் 4-ஆம் தேதி மாலை, கடும் மூடுபனியில் கைகாட்டிகளைக் காணாமல் வந்த ஒரு நீராவி ரயில், லூயிஷம் அருகே நின்றுகொண்டிருந்த மின்சார ரயிலின் மேல் மோதிற்று. மேலிருந்த பாலமும் இடிந்து வீழ்ந்தது. வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 90 பேர் மாண்டனர்.

அந்த மூடுபனியும் முழுவதும் இயற்கையின் சிருஷ்டியன்று. லட்சக்கணக்கான அடுப்புகளும் ஆலைகளும் எஞ்சின்களும் கக்கிய நிலக்கரிப் புகை, குளிர்காலத்து ஈரக் காற்றோடு கலந்து லண்டனின் மேல் படிந்தது. 1952 டிசம்பரில் அவ்விதம் படிந்த புகைப்பனியால் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்த பிறகு, 1956-இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறிற்று; அடுப்புகள் மாறின; புகைப்பனி குறைந்தது. வானம் செய்த குற்றமாக ஒரு நூற்றாண்டுக் காலம் கருதப்பட்ட தாமதத்தின் ஒரு பகுதி, பூமியில் இயற்றிய ஒரு சட்டத்தினால் குறைந்துபோயிற்று.

இலைகளின் வரலாறு இதற்கு நேர் மாறான திசையில் சென்றது. நீராவி எஞ்சின்களின் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறிகள் பாதையோரப் புல்லையும் புதரையும் பற்றிக்கொள்ளும் என்ற அச்சத்தினால், தொழிலாளர்கள் இருபுறச் சரிவுகளையும் வெட்டிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதான பாதைகளில் நீராவிச் சேவை முடிவுற்றது. தீயின் பயம் நீங்கவே வெட்டும் வேலையும் தளர்ந்தது, வேலையாட்களின் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது, மரங்கள் தழைத்தோங்கின. இலையுதிர் காலத்து ஈரத்தில் தண்டவாளத்தின் மேல் விழுந்த இலைகளைச் சக்கரங்கள் நசுக்கியபோது, கருமையாகவும் கெட்டியாகவும் வழவழப்பாகவும் ஒரு படலம் படிந்தது. பழைய வண்டிகளில் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் ஓட்டுப் பரப்பிலேயே அழுந்தி, அதைத் தேய்த்துத் துலக்கிவந்தன. புதிய வண்டிகளின் தட்டு பிரேக்குகள் அந்த உபகாரத்தைச் செய்யவில்லை. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் வழுக்கிற்று. வழுக்கிய சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிப் பட்டறைக்குச் சென்றது. வண்டி இருக்கும் இடத்தை உணர்த்தத் தண்டவாளத்தில் செலுத்தப்படும் மெல்லிய மின்னோட்டத்தையும் அப்படலம் தடுத்தது. ஆகவே டிரைவர்கள் எச்சரிக்கையோடு மெதுவாக ஓட்டினார்கள். நீரைப் பீய்ச்சித் தண்டவாளத்தைக் கழுவி, மணல் கலந்த பசையைப் பூசிச் செல்லும் தனி ரயில்கள் இன்றும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஓடுகின்றன.

இவ்வளவும் தெரிந்த ஒருவருக்கு, இலையினால் ரயில் தாமதம் என்ற அறிவிப்பு நியாயமாகவே தோன்றும். மேடையில் குளிரில் நின்றவர்களுக்கோ, இவ்வளவில் எதுவும் சொல்லப்படவில்லை. காரணம் ஒரு வரியாகச் சுருங்கியபோது அது சாக்குப்போக்காக ஒலித்தது. டேவிட் நாப்ஸ் எழுதி 1976-இல் தொலைக்காட்சியில் வந்த ரெஜினால்ட் பெரின் கதையில், நாள்தோறும் பதினொரு நிமிஷம் தாமதமாகக் காரியாலயம் வந்து, நாளுக்கொரு ரயில் காரணம் கூறும் அதிகாரியைத் தேசமே அடையாளம் கண்டுகொண்டது என்றால், அந்தச் சலிப்பு எவ்வளவு ஆழமானது என்று உணரலாம்.

1991 பிப்ரவரியில் அச்சலிப்பு உச்சத்தை அடைந்தது. தென்கிழக்கு இங்கிலாந்தில் வழக்கமாக விழும் பனி ஈரமும் கனமும் உள்ளது. அவ்வாண்டு கடுங்குளிரில் விழுந்ததோ உலர்ந்த மாவு போன்ற நுண்பனி. மின்சார வண்டிகளின் மோட்டார்கள் தம்மைக் குளிர்வித்துக்கொள்ள உள்ளிழுத்த காற்றோடு அதுவும் புகுந்து, உருகி, மின்கசிவை உண்டாக்கிற்று. கதவுகளும், தண்டவாளத்தை மாற்றும் பாயிண்டுகளும் அடைத்துக்கொண்டன. அதற்கு முன்பே, லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் ரயில் கம்பெனி 1915-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, பின்னர் தெற்குப் பகுதி முழுவதும் பரவிய முறைப்படி, தரையோரத்து மூன்றாவது தண்டவாளத்திலிருந்தே அங்கு மின்சாரம் எடுக்கப்பட்டுவந்தது; உறைபனி மூடிக்கொண்டால் அத்தொடர்பும் அறுந்துபோகும். பிப்ரவரி 11-ஆம் தேதி பி.பி.சி. வானொலியில் பிரிட்டிஷ் ரயிலின் இயக்க அதிகாரி டெரி வோரல், இந்தப் பனியின் தன்மையே சிரமம் தருகிறது என்று விளக்கினார். அப்படியானால் தவறான வகைப் பனி விழுந்துவிட்டதா என்று பேட்டி கண்டவர் கேட்டார். மாலைப் பத்திரிகை ஒன்று அதையே தலைப்பாக்கிற்று. ஒரு பொறியியல் உண்மை தேசம் முழுவதும் பரிகாசத்துக்கு உரியதாயிற்று. பனியை எதிர்கொள்ளத் தயாராக இருப்பதாகச் சில நாட்களுக்கு முன்பே நிர்வாகம் அறிவித்திருந்ததுதான் அவ்விளக்கத்தின் மதிப்பைக் கெடுத்தது.

அந்த அனுபவத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2009 டிசம்பர் 18-ஆம் தேதி இரவில், அதே விதமான நுண்பனி யூரோஸ்டார் வண்டிகளின் எஞ்சின்களுக்குள் புகுந்தது. ஆங்கிலக் கால்வாயின் அடியிலுள்ள சுரங்கத்தின் வெப்பத்தில் அது நீராகி மின்கருவிகளைக் கெடுக்க, ஐந்து ரயில்களும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிரயாணிகளும் சுரங்கத்தில் சிக்கினர். பின்னர் வந்த விசாரணை அறிக்கை, எஞ்சினின் காப்பைப் பற்றி மட்டுமல்லாமல், இருளில் காத்திருந்தவர்களுக்குத் தகவல் சொல்லாமல் விட்டதைப் பற்றியும் கடுமையாகக் கண்டித்தது.

காரணம் கூறும் கடமை, இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வேறு உருவம் எடுத்திருந்தது. 1992-இல் வெளிவந்த பிரயாணிகள் சாசனம், நேரம் தவறினால் ஈடு தரும் பொறுப்பை ஏற்றது. ரயில்வே தனியார்மயமான பிறகு, மூன்று நிமிஷமும் அதற்கு மேலும் ஆன தாமதம் ஒவ்வொன்றும் யாருடையது என்று குறியீட்டுடன் பதிவாகி, தண்டவாளத்தின் உரிமையாளரும் வண்டி ஓட்டும் கம்பெனிகளும் ஒருவருக்கொருவர் பணம் கொடுத்துத் தீர்க்கும் கணக்காயிற்று. இவ்வளவு நுட்பமாகத் தம்முள் காரணத்தை ஆராய்கிறவர்கள், அதில் நூற்றில் ஒரு பங்கையேனும் மேடையில் நிற்பவரிடம் சொல்ல மனம் வைப்பது அவசியம்.

எல்லா வகைப் பனிக்கும் செலவு செய்து காப்புத் தேட எந்தத் தேசத்தாலும் இயலாது. அபூர்வமாக வரும் குளிருக்காகக் கோடிக்கணக்கில் செலவிட வேண்டாம் என்று தீர்மானிப்பது விவேகமாகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தீர்மானம் ஜனங்கள் அறிய எடுக்கப்பட வேண்டும். எந்த வானிலையில் வண்டி ஓடும், எதில் ஓடாது, ஏன் ஓடாது என்பதைக் குளிர்காலம் தொடங்கும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிட்ட நிர்வாகம், பனி விழுந்த காலையில் வானத்தைக் குறை கூற நேராது. அது கூறும் காரணத்தைச் சீசன் டிக்கெட் பிரயாணியும் நம்பிக் கேட்பார்.