விண் அடித்த சீழ்க்கை

முதல் உலகப் போர் மூண்டிருந்த காலம். களத்திலே ஜெர்மன் வீரர்கள். எதிரியின் தொலைபேசிப் பேச்சை, மண்ணில் ஊன்றிய கம்பிகளின் வழியே ஒட்டுக் கேட்பது அவர்தம் பணி. செவியில் விழுந்தது பேச்சு மட்டுமன்று. உச்சத்தில் தொடங்கி, இழிந்து இழிந்து, ஓரிரு நொடியில் அடங்கும் ஒரு சீழ்க்கை! குண்டு பறக்கும் ஓசை என்றனர் வீரர். சாவின் நடுவே நிற்பவன் செவிக்கு எல்லாம் சாவாகத்தானே ஒலிக்கும்?

இடி இடித்தால் 'அர்ச்சுனா' என்று காதைப் பொத்தும் நம் நாட்டிலே அது கேட்டிருந்தால், நாரதர் வீணை என்றொரு தலபுராணம் எழுந்திருக்கும், உண்டியலும் வந்திருக்கும்! ஜெர்மானியர்க்கும் தோனார் என்றோர் இடித்தெய்வம் முன்பு இருந்ததுதான். ஆயினும், அப்பணியில் ஈடுபட்ட இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசன், கேட்டதைக் கேட்டவாறே 1919இல் எழுதி வெளியிட்டார். காரணத்தை அறுதியிட்டுக் கூற அவரால் இயலவில்லை. இயலாததை மறைக்கவும் இல்லை.

விடை வர 34 ஆண்டுகள் ஆயின. கேம்பிரிட்ஜில் ஓவன் ஸ்டோரி என்ற ஆராய்ச்சி மாணவர் காத்திருந்து கேட்டார். முதலில் 'டக்' என்றோர் ஒலி. சிறிது கழித்துச் சீழ்க்கை. அந்த 'டக்', மின்னல் வெட்டியதன் அடையாளம்! மின்னல் எழுப்பும் வானொலி அலை, நிலவுலகின் காந்தப்புலக் கோட்டைப் பற்றிக்கொண்டு பல்லாயிரம் கிலோமீட்டர் உயரம் ஏறி, நடுக்கோட்டைக் கடந்து, தென்பாதியில் இறங்கி, அங்கிருந்து திரும்பியும் வருகிறது. வழியிலுள்ள எலெக்ட்ரான்களிடையே உயர்ந்த அதிர்வெண் அலை விரைகிறது, தாழ்ந்தது பின்தங்குகிறது. ஒருங்கே புறப்பட்டவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதே அந்த இழியும் இசை. அதிர்வெண் நம் செவியின் எல்லைக்குள் இருப்பதால்தான், கம்பியில் புகுந்த அலை களத்திலே ஒலியாகக் கேட்டது.

1953இல் வெளிவந்த அவர் ஆய்வு இன்னொன்றும் சொன்னது. அலை பின்தங்கும் அளவைக் கணக்கிட்டால், அவ்வளவு உயரத்திலும் எலெக்ட்ரான்கள் நிறைந்துள்ளன என்றாகிறது. ஏவுகணை எதுவும் அங்கே செல்லுமுன், செயற்கைக்கோள் பிறக்குமுன், வெறுவெளி வெறுமையன்று என்று செவி கண்டுபிடித்தது!

குருப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் தேடி இன்றும் வரிசையில் நிற்கிறார்களே, அந்தக் குருவை, வியாழனை, 1979இல் வாயேஜர் 1 அணுகியது. அங்கும் அதே சீழ்க்கை! இரவுப் பக்கத்தை நோக்கிய அதன் ஒளிப்படக் கருவி, மின்னலையும் படம் பிடித்து அனுப்பியது.