பார்ட்டிஷன் அளவை மாற்றியதும் ஃபைல்களைக் காணோமா? செய்ய வேண்டியதும் செய்யவே கூடாததும்

சி டிரைவில் சிவப்புக் கோடு. பக்கத்தில் டி டிரைவில் இடம் சும்மா கிடக்கிறது. 'அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இதில் சேர்த்தால் என்ன?' என்று பார்ட்டிஷன் அளவை மாற்றுகிறோம். ரீஸ்டார்ட் ஆகி வந்தால் டி டிரைவையே காணோம். கல்யாண போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன், ஆபீஸ் ஃபைல்கள்... எல்லாம் போச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. ஆனால், பதற்றத்தில் அடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்யும் வேலையால் போய்விடலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இந்த பார்ட்டிஷன் வேலை வருகிறது. அதனால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

டேட்டா எங்கே போகிறது?

நிலத்தையும் பட்டாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பட்டாவில் எல்லை தப்பாகப் பதிவானால் நிலம் காணாமல் போய்விடாது. ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் பட்டாதான் பார்ட்டிஷன் டேபிள். பழைய எம்பிஆர் முறையில் அது டிஸ்க்கின் முதல் செக்டாரில் இருக்கும் வெறும் 64 பைட். அது பிழையானால் 1 டிபி டேட்டாவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். புதிய ஜிபிடி முறையில் இந்த டேபிளின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும். மீட்பு மென்பொருள்கள் இப்படிப்பட்ட தடயங்களை வைத்துத்தான் பழைய எல்லையைக் கண்டுபிடிக்கின்றன.

எங்கே தவறு நடக்கிறது?

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி டிரைவைப் பெரிதாக்க, அதன் வலது பக்கத்தில் ஒட்டியபடி காலி இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'எக்ஸ்டெண்ட்' ஆப்ஷன் மங்கலாகவே இருக்கும். உடனே சிலர் யோசிக்காம டி டிரைவை டெலீட் செய்துவிடுகிறார்கள். வேறு சிலர் தனி மென்பொருளால் டி டிரைவின் தொடக்கத்தையே நகர்த்துகிறார்கள். அப்போது உள்ளே இருக்கும் டேட்டா முழுவதும் இடம் மாற வேண்டும். அது மணிக்கணக்கில் நடக்கும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் நின்றுவிடும். மீட்பதற்கு மிகக் கடினமான நிலை இதுதான்.

அரசு லேப்டாப் சொல்லும் பாடம்

தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கொடுக்கப்பட்டது. இப்படி இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில், 'லினக்ஸ் நமக்கு வேண்டாம், இடம் மிச்சம்' என்று அந்தப் பார்ட்டிஷனை அழித்தால், தேவையான இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் 'கிரப்' புரோகிராமின் ஃபைல்களும் சேர்ந்து அழியும். அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நிற்கும். விண்டோஸும் போயிடுச்சு என்று நினைத்து பார்மட் செய்தால் அதுதான் உண்மையான இழப்பு. விண்டோஸ் இன்ஸ்டால் யுஎஸ்பியில் உள்ள ரிப்பேர் வசதியால் பூட் பகுதியைச் சரிசெய்தாலே பெரும்பாலும் போதும்.

உடனே என்ன செய்ய வேண்டும்?

1. அந்த டிரைவில் எதையும் எழுதாதீர்கள். டவுன்லோடு, இன்ஸ்டால் எதுவும் வேண்டாம். 'பார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல். 'செக் டிஸ்க்' ஓடவிடுவதும் வேண்டாம். அது ஃபைல் அமைப்பையே மாற்றி எழுதக்கூடும்.

2. முடிந்தால் டிரைவைக் கழற்றி வேறு கணினியில் இணைத்து, முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகல் எடுங்கள். சோதனைகளை நகலில் செய்யுங்கள்.

3. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய 'டெஸ்ட்டிஸ்க்' இலவச மென்பொருள். அதில் 'அனலைஸ்', பிறகு 'குயிக் சர்ச்' கொடுத்தால் பழைய பார்ட்டிஷன்களைத் தேடும். கிடைத்ததும் 'பி' கீயை அழுத்தி ஃபைல்கள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முதலில் வேறு டிரைவுக்கு காப்பி செய்யுங்கள். டேபிளை மாற்றி எழுதும் 'ரைட்' கடைசியில்தான்.

4. அதில் கிடைக்காவிட்டால் அதனுடனே வரும் 'ஃபோட்டோரெக்'. ஃபைல் அமைப்பே சிதைந்திருந்தாலும் போட்டோ, டாக்குமென்டுகளைத் தோண்டி எடுக்கும். ஆனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் பழையபடி கிடைக்காது.

எப்போது மீட்பது கடினம்?

எஸ்எஸ்டி-யில் 'டிரிம்' என்ற வசதி, அழித்த ஃபைல்களின் இடத்தை டிரைவே சுத்தம் செய்ய வழிசெய்கிறது. பார்மட் செய்துவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு. பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் எதுவும் நடக்காது. அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

டிரைவிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அது மென்பொருள் பிரச்னை அல்ல. உடனே ஆஃப் செய்துவிட்டு ரெகவரி லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். விஜயபுரம், நகரி மாதிரி எல்லையோர ஊர்க்காரர்கள் இதற்குத் திருப்பதிக்கோ சென்னைக்கோ போக நேரலாம்.

இத்தனை அலைச்சலும் இல்லாமல் இருக்க வழி எளிது: பார்ட்டிஷனில் கை வைக்கும் முன் முக்கியமான ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு காப்பி, லேப்டாப்பில் முழு சார்ஜ், சார்ஜரும் இணைப்பில். காப்பி எடுத்த ஃபைல்களில் நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.