மீன் தலைக்குள் ஒரு ‘பிறப்புச் சான்றிதழ்’: காதுக்கல் என்ன சொல்கிறது?

கத்தாழை மீன் தலையைக் குழம்பில் போட்டு சாப்பிட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கடிக்கும்போது ‘கடக்’கென்று ஒரு வெள்ளைக் கல் பல்லில் மாட்டும். அதை ஓரமா எடுத்து வச்சிட்டு சாப்பாட்டைத் தொடர்வோம். ஆனால் அந்த மீனுக்கு என்ன வயசு, எந்த மாதத்தில் பிறந்தது என்ற விவரமெல்லாம் அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது.

அது என்ன கல்?

பெயர் ஓட்டோலித், அதாவது காதுக்கல். காது எலும்பு என்றும் சொல்வார்கள், ஆனால் உண்மையில் எலும்பு கிடையாது. சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் புரதமும் சேர்ந்து படிந்தது. எலும்பு மீன்களின் உள்காதில் இப்படி 3 ஜோடி இருக்கும். மீன் சாயாமல் நீந்தவும், சத்தம் கேட்கவும் இதுதான் உதவுகிறது. மீன் வளர வளர இதன் மேல் புதுப் படலம் சேர்ந்துகொண்டே போகும். ஒருமுறை படிந்தது பெரும்பாலும் கரையாது. அதனால்தான் செதிலைவிட இதை அதிகம் நம்புகிறார்கள்.

கல்லைக் குறுக்கே மெல்லிசா அறுத்து, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மர வளையம் மாதிரி வளையங்கள் தெரியும். ஆண்டு வளையத்தை எண்ணி வயதைச் சொல்லும் வழக்கம் 1899-லேயே ஜெர்மனியில் வந்துவிட்டது. 1971-ல் ஜார்ஜியோ பன்னெல்லா என்ற விஞ்ஞானி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நுண் வளையம் உருவாவதைக் காட்டினார்.

முட்டையிடும் காலம் எப்படித் தெரியும்?

கணக்கு ரொம்ப சிம்பிள். செப்டம்பர் 1-ம் தேதி பிடித்த குஞ்சு மீனில் 90 நாள் வளையம் இருந்தால், அது ஜூன் 3-ம் தேதி வாக்கில் பொரித்திருக்க வேண்டும். சில இனங்களில் முதல் வளையம் சில நாள் தாமதமாக விழும், அதையும் சேர்த்துக்கொள்வார்கள். இப்படி நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பார்த்தால் எந்த வாரத்தில் பொரித்தவை பிழைத்தன என்பது தெரியும். ‘பிழைத்தன’ என்பதுதான் முக்கியம். செத்துப்போன குஞ்சுகள் இந்தக் கணக்கில் வராது.

நம்ம ஊர் கடலில் குளிர்காலம், கோடைகாலம் வித்தியாசம் குறைவு. அதனால் ஆண்டு வளையம் பல நேரம் தெளிவாக விழாது, நாள் வளையம்தான் கைகொடுக்கும். தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. ஆனால் எல்லா மீனும் அந்த இரண்டு மாதத்திலேயே முட்டையிடுவதில்லை. எந்த இனத்துக்கு எது சீசன் என்று பேச இந்த மாதிரி கணக்குதான் ஆதாரம்.

எண்ணத் தவறினால் என்ன ஆகும்?

நியூசிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 1970-களின் இறுதியில் அங்கே ஆழ்கடலில் ஆரஞ்சு ரஃபி என்ற மீனை அள்ளத் தொடங்கினார்கள். அதுவும் முட்டையிடக் கூட்டமாகச் சேரும் இடத்திலேயே வலை போட்டார்கள். பிறகு காதுக்கல்லை எண்ணியபோதுதான் தெரிந்தது, அது 100 வயதைத் தாண்டி வாழும் மீன், முட்டையிடும் பருவத்துக்கு வரவே 30 வருஷம் போல ஆகும் என்று. அதற்குள் பல இடங்களில் மீன் வளம் சரிந்திருந்தது. ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். 2006-ல் அங்கே அதைப் பாதுகாக்க வேண்டிய இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. கல்லில் உள்ள ஸ்ட்ரான்ஷியம் அளவைப் பார்த்து, மீன் எந்த வயதில் ஆற்றில் இருந்தது, எப்போது கடலுக்குப் போனது என்றுகூட சொல்ல முடியும். விலாங்கு மீன் ஆராய்ச்சியில் இது ரொம்பப் பயன்படுகிறது.

ஒரே சிக்கல், உயிரோடு இருக்கும் மீனிலிருந்து கல்லை எடுக்க முடியாது. அதனால் ஆராய்ச்சியாளர்கள் பல நேரம் துறைமுகத்துக்குப் போய், ஏற்கெனவே வந்து இறங்கிய மீன்களின் தலையைத்தான் வாங்கி வருகிறார்கள்.