ஏறும் விலையும் இறங்கும் கையிருப்பும்: திண்டுக்கல் சமவெளியில் தங்கம்

உலகப் பணச்சந்தை ஆட்டம் காணும்போது தங்கம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையை விலைப்பட்டியல்கள் பொய்யாக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கம் யார் கையில் இருந்தது என்பதை எந்தப் பட்டியலும் காட்டுவதில்லை. நெருக்கடி காலத் தங்கம் கடனின்றி அதை வைத்திருப்பவரையே காக்கிறது. கடன்பட்டவரின் பெட்டியைக் காலி செய்வதும், கூலியில் சேமிப்பவருக்கு எட்டாமல் போவதும் அதே விலையேற்றம்தான்.

1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் விளைபொருள் விலைகள் சரிந்து, நான்கைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிக்கு வந்தன. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல் தாலுகாவின் புகையிலை, நிலக்கடலைக் காடுகளுக்கும் கிஸ்தி ரொக்கமாகவே வசூலானது. கடனும் வட்டியும் பழைய விலையில் எழுதிய பத்திரப்படியே நின்றன. 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. ஸ்டெர்லிங்கோடு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் விகிதத்தில் கட்டப்பட்டிருந்த ரூபாயும் தங்கத்துக்கு எதிரே சரிந்தது. 1927 நாணயச் சட்டம் தோலாவுக்கு 21 ரூபாய் 3 அணா 10 பை என வைத்திருந்த தங்கம், 1931 முடிவதற்குள் 30 ரூபாய் அளவுக்கு ஏறியது.

நெல்லை விற்றால் கடன் தீராது, நகையை விற்றால் தீரும் என்ற நிலை. நிலமதிப்பும் விழுந்துவிட்டதால் மண்ணை நம்பிப் புதுக்கடன் தர ஆளில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 300 கோடி ரூபாய்த் தங்கம் கப்பலேறியது. ஏற்றுமதிக்குத் தடை கேட்ட இந்திய வணிகர்களுக்கு அரசு செவிசாய்க்கவில்லை. லண்டனுக்குச் செலுத்த வேண்டிய தொகைகளுக்கு அந்தத் தங்கம் வசதியாக இருந்தது.

மக்கள் லாபம் பார்த்து விற்றார்கள் என்பது அன்றைய அதிகாரத் தரப்பின் விளக்கம். எனக்கு அது ஏற்புடையதில்லை. 1935 வாக்கில் தோலா 35 ரூபாய். லாபத்துக்காக விற்பவர் காத்திருந்திருப்பார். காத்திருக்க முடியாதவர் விற்றார், அதுவும் சேதாரமும் செய்கூலியும் போக. ராஜாஜி அமைச்சரவையின் 1938 விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களின் நிலுவை வட்டியைத் தள்ளுபடி செய்தது. அதற்குள் நகை போய்விட்டது.

2008இல் கதை வேறு. மார்ச்சில் அவுன்ஸுக்கு 1,000 டாலரைத் தொட்ட தங்கம், இலையுதிர்காலத்து உலக நிதி நெருக்கடியில் 750க்குக் கீழே இறங்கியது. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் 40க்கு அருகில் இருந்த டாலர் அப்போது 50 ரூபாயை எட்டிக்கொண்டிருந்ததால் உள்ளூரில் அடி மெலிதாகவே விழுந்தது. ஆக நம் ஊரில் தங்கம் என்பது பாதியளவு ரூபாய்ச் சரிவுக்கு எதிரான காப்பீடு. சந்தை நிபுணர்கள் இதைப் பேசுவது குறைவு.

அந்தக் காப்பீட்டுக்கு வெளியே நின்றவர்களும் இருந்தார்கள். திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களின் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்கள் மூன்றாண்டு வேலைக்குச் சேர்க்கப்பட்டார்கள். முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாண நகைக்கு ஆகும் என்பதே பேச்சு. 2008இல் பத்தாயிரம் ரூபாய்க்கு உள்ளே இருந்த பவுன் 2011 ஆகஸ்டில் 20,000ஐத் தாண்டியது. சேரும்போது மூன்று பவுனுக்குக் காணும் என்று எண்ணிய 30,000 ரூபாய், கையில் வரும்போது ஒன்றரைப் பவுனுக்கே காணும். கூலியை ரூபாயில் குறித்துவிட்டு லட்சியத்தைப் பவுனில் வைத்ததன் விளைவு இது. நெருக்கடியின் நஷ்டம் இங்கே எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

இன்றைய வழக்கம் விற்பதல்ல, அடகு வைப்பது. கூட்டுறவு வங்கியிலோ அடகுக்கடையிலோ நகையை உரசிப் பார்த்து, கல்லையும் அரக்கையும் கழித்து எடை போடுகிறார்கள். விலை ஏறினால் அதே சங்கிலிக்குக் கூடுதல் தொகை. 1931ஐ விட இது மேல், நகை ஊரை விட்டுப் போகவில்லை. ஆனால் கூடிய தொகை கூடிய கடன்தான். 2013 ஏப்ரலில் இரண்டே வர்த்தக நாட்களில் தங்கம் அவுன்ஸுக்கு ஏறத்தாழ 200 டாலர் இழந்தபோது, உச்ச விலையில் மதிப்பிட்ட நகைகளே முதலில் மூழ்கும் ஆபத்தில் நின்றன. ரிசர்வ் வங்கியின் 2025 ஜூன் விதிகள் இரண்டரை லட்சம் வரையான நுகர்வுக் கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை அனுமதிக்கின்றன. முதலும் வட்டியும் ஒரேயடியாகக் கட்டும் நுகர்வுக் கடனுக்கு 12 மாதமே கெடு. வட்டியைத் தீர்க்காமல் புதுப்பிக்க முடியாது. மழையும் சந்தை விலையும் கைவிட்ட ஆண்டில் அந்த வட்டிக்கு எங்கே போவது என்பதற்கு விதிகளில் இடமில்லை.