பேணியை நீட்டிய மாஸ்டர்

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்தோம். மோட்டார்சைக்கிள்கள் ஒரு துளி பெற்றோலில் கிளம்பி, மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. எங்கள் தென்மராட்சியின் இயந்திர வரலாற்றை எவராவது எழுதினால் அந்த ஐந்து வருடங்களுக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

இரவில் பிபிசி தமிழோசை கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோ தருவது ஆடலோட்டம். ரேடியோ கேட்பதோ நேரோட்டம். சாவகச்சேரியில் எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த மாஸ்டர், பழுதான ரேடியோக்களில் கழற்றிய இருவாயிகளை, அதாவது டயோட்டுகளை, ஒரு பிஸ்கற் பேணியில் சேர்த்து வைத்திருந்தார். பேணியை நீட்டுவார், செய்து காட்டமாட்டார். நாலு இருவாயி சேர்ந்தால் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பாலச் சீராக்கி என்று பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தோம். எந்த முனையை எதோடு முறுக்குவது என்றுதான் தெரியவில்லை. ஈயம் பற்றவைக்கும் கோலைச் சிரட்டைத் தணலில் காய்ச்சினோம். "சேர், இது சரியோ?" என்றால், "என்னைக் கேளாதை, ரேடியோவைக் கேள்" என்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி வலிகாமத்துச் சனமே எங்கள் பக்கம் பெயர்ந்து வந்தது. பள்ளிக்கூடங்கள் அகதி முகாம்களாயின. முகாமில் ரேடியோ கட்டிக் கொடுத்தவர்கள் அவரிடம் படித்த பெடியள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் இடிந்தபோது பேணியும் போயிற்று.

மாஸ்டரின் பேணியைப் போலவே, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வூடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர் 1970களில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரி உதிரிப்பொருள் பொதி கொடுத்து, அதை வைத்தே இயந்திரம் செய்து போட்டியிட விட்டார். பிறகு அவரும் டீன் கேமனும் சேர்ந்து வளர்த்த 'ஃபர்ஸ்ட்' பள்ளி ரோபோப் போட்டி 1992இல் 28 அணிகளோடு தொடங்கியது. 1996 முதல் சிறந்த வழிகாட்டிக்கு ஃபிளவர்ஸ் பெயரில் விருது கொடுக்கிறார்கள். அதற்கு ஆளைப் பரிந்துரைப்பவர்கள் மாணவர்களே. அவர் விரும்பிக் கொடுத்த தட்டுப்பாடு எங்களுக்குத் தடையாக வந்தது. மாஸ்டர் அதையே எங்களுக்குப் பாடமாக மாற்றினார்.

நுணாவிலில் மோட்டர் சுற்றிப் பிழைக்கும் என்னிடம் இப்போது ரோபோப் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் ஆசிரியரோடு வருவார்கள். கோப்பை எத்தனை என்று நான் கேட்பதில்லை. போட்டிக்கு முதல்நாள் இரவு சில்லு சுற்றாமல் நின்றால் ஸ்குறூட்றைவர் யார் கையில் இருக்கும் என்று கேட்பேன். "எங்கட கையில்தான், அண்ணை" என்று பிள்ளைகள் முந்திக்கொண்டு சொன்னால், அந்த ஆசிரியருக்கு ஒரு கதிரை எடுத்துப் போடுவேன்.