கருமேகமும் மின்கம்பியும்



மழைக்காலம் வந்துவிட்டால் என் கைப்பேசியில் கல்வராயன் மலைப் படங்கள் வந்து குவிகின்றன. மலைமேல் கருமேகம் இறங்கி நிற்கும் அழகே அழகு. ஆனால் பல படங்களில் ஒன்று மட்டும் காணாமல் போயிருக்கிறது. மின்கம்பி! "படத்தைக் கெடுக்குது சார், அழிச்சிட்டேன்" என்கிறீர்கள். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1850களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். மதுரை, தஞ்சை, திருவரங்கம் கோயில்களை அந்தக் காலத்திலேயே படம் எடுத்தவர். 1858-இல் வந்த அவருடைய தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையும் சேலம் மாவட்டமும் பற்றியது. அன்றைய நெகட்டிவில் நீல நிறம் மிகையாகப் பதியும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார்! அவர் இல்லாத மேகத்தைச் சேர்த்தார். நாம் இருக்கிற கம்பியை நீக்குகிறோம்.

அந்தக் கம்பி நம் வானத்துக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1932-இல் நீலகிரியில் பைக்காரா, 1937-இல் மேட்டூர் அணை மின்நிலையம். மேட்டூர் மின்சாரம் அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் வரை வந்தது. நம் கள்ளக்குறிச்சி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1957-இல் மின்வாரியம் அமைந்த பிறகு கிராமங்களுக்குக் கம்பி வேகமாகப் போனது. கவலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஓடியது. கரும்பும் நெல்லும் பெருகின.

மலைக்கு அந்த வேகம் கிட்டவில்லை. கல்வராயன் மலை ஜாகீர்தார்களிடமிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976-இல்தான். சாலையும் பள்ளியும் மின்சாரமும் அதன் பிறகுதான் மெல்ல மெல்ல ஏறின. அரிக்கேன் விளக்கில் வீட்டுப்பாடம் எழுதிவந்த மலைப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். புகை படிந்த அந்த நோட்டுகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அந்த வீடுகளுக்கு ஊரில் முதல் கம்பம் நட்ட நாள் திருவிழா நாள். நீங்கள் விரலால் தேய்த்து அழிப்பது அந்த நாளைத்தான்.

கம்பியைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய கோபுரங்களில் தட்டுத் தட்டாகப் பீங்கான் மாலை தொங்கும். 110 கிலோவோல்ட் என்றால் சுமார் ஏழெட்டுத் தட்டுகள். 400 கிலோவோல்ட் என்றால் இருபதுக்கு மேல். கோபுர உச்சியில் தனியாக ஓடும் மெல்லிய கம்பியில் மின்சாரம் அனுப்புவதில்லை. இடியைத் தான் வாங்கி மண்ணுக்குள் இறக்குவதே அதன் வேலை. பின்னால் கருமேகம் இருக்கும்போதுதான் இவையெல்லாம் படத்தில் தெளிவாகத் தெரியும்.

2011 டிசம்பர் 30 தானே புயலில் கடலூர்ப் பக்கம் பல்லாயிரம் கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், நம் மாவட்டத்தையும் வெள்ளக்காடாக்கியது. அப்போதெல்லாம் கொட்டும் மழையில் கம்பம் ஏறியவர்களில் நம் பழைய மாணவர்களும் உண்டு. கம்பி இல்லாத படத்தில் அவர்களுக்கும் இடமில்லை.

ஆசிரியர் அல்லவா, எச்சரிக்காமல் விடமாட்டேன்! மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள். இடிச் சத்தம் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் வரும். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியிலும் கோபுரத்தடியிலும் நிற்கவே கூடாது. அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் பத்து மீட்டராவது தள்ளி நின்று, மற்றவர்களையும் தடுத்து, மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். படம் அப்புறம்.

ஐம்பது வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்த்து, "அப்போ மலையில கரண்டே இல்லையா தாத்தா?" என்று கேட்கும்படி வைத்துவிடாதீர்கள். உங்கள் ஊருக்கு முதலில் கரண்ட் வந்த ஆண்டு வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கேட்டுக் கீழே எழுதுங்கள். கம்பியோடு எடுத்த படம் இருந்தால் அதையும் போடுங்கள்.

வாழ்க வளமுடன்.