ஜப்பானில் அன்றாட வாழ்க்கை, பொழுதுபோக்குக் கருத்துக் கணிப்புகளின் வரலாறு

ஜப்பானிய மக்கள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எவ்வளவு நேரம் உறங்குகிறார்கள், ஓய்வு கிடைத்தால் என்ன செய்கிறார்கள், தம் வாழ்க்கையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பவற்றை அந்நாட்டின் அரசுத் துறைகளும் ஒலிபரப்பு நிறுவனமும் செய்தித்தாள்களும் ஆய்வு நிறுவனங்களும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுப் பதிவு செய்து வருகின்றன. ஒரே கேள்வியைச் சொல் மாறாமல் ஆண்டுதோறும், அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்பது இக்கணிப்புகளின் சிறப்பு. இதனால் ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் உள்ள வேறுபாட்டை எண்களில் காண முடிகிறது.

இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, மக்களின் எண்ணத்தைக் கேட்கும் கருத்துக் கணிப்பு. மற்றொன்று, ஒரு நாளின் 24 மணி நேரமும் எப்படிச் செலவானது என்று பதிவு செய்யும் நேரக் கணக்கெடுப்பு. முதல் வகை மனத்தைக் காட்டுகிறது. இரண்டாவது வகை கடிகாரத்தைக் காட்டுகிறது. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஜப்பானியச் சமூக வரலாற்றைப் படிப்பவர்களுக்கு அந்த வேறுபாடே மிகவும் பயன்படுகிறது.

போருக்கு முந்தைய முயற்சிகள்

1923 செப்டம்பர் 1 அன்று ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் தோக்கியோ நகரை அழித்தது. நகரம் மீண்டும் எழுந்தபோது மக்களின் உடையும் பழக்கமும் வேகமாக மாறின. கட்டடக்கலை அறிஞரான கோன் வாஜிரோ அம்மாற்றத்தைப் பதிவு செய்ய விரும்பினார். 1925 கோடையின் தொடக்கத்தில் அவரும் நண்பர்களும் கின்சா கடைத்தெருவில் நடந்து செல்வோரைக் கணக்கெடுத்தனர். ஆண்களில் 67 விழுக்காட்டினர் மேல்நாட்டு உடை அணிந்திருந்தனர். பெண்களில் 1 விழுக்காட்டினர் மட்டுமே அவ்வாறு அணிந்திருந்தனர். "நவநாகரிகப் பெண்கள்" பற்றிப் பத்திரிகைகள் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எண்ணிப் பார்த்தபோது தெரிந்த நிலை வேறாக இருந்தது. நிகழ்காலத்தை ஆராயும் இம்முறைக்கு அவர் "கோகென்காகு" என்று பெயரிட்டார்.

அதே காலத்தில் கோண்டா யாசுனோசுகே என்னும் சமூக ஆய்வாளர், தோக்கியோவின் அசாகுசா பகுதியில் திரையரங்குகளுக்கும் நாடகக் கொட்டகைகளுக்கும் வரும் எளிய மக்களின் பொழுதுபோக்கை ஆராய்ந்தார். தொழிலாளர்கள் எதைக் கண்டு மகிழ்கிறார்கள் என்பது ஆய்வுக்குரிய பொருள் என்ற எண்ணமே அப்போது புதியது.

ஜப்பானில் வானொலி ஒலிபரப்பு 1925 மார்ச் 22 அன்று தொடங்கியது. 1932-இல் வானொலி உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கை பத்து இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டு நேயர்களின் விருப்பங்களை அறிய நாடு தழுவிய வானொலிக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் முதலிடம் பெற்றது "நானிவாபுஷி". ஷாமிசென் என்னும் நரம்புக் கருவியின் துணையுடன் கதையைப் பாடியும் பேசியும் சொல்லும் நாட்டுப்புறக் கலை இது. கற்றவர்கள் தாழ்வாகக் கருதிய கலையே பெரும்பாலோரின் விருப்பம் என்று தெரியவந்தது.

1941-இல் ஜப்பான் ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே. முதலாவது மக்கள் வாழ்க்கை நேரக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. பசிபிக் போர் மூண்ட ஆண்டும் அதுவே. மக்கள் எந்த நேரத்தில் எழுகிறார்கள், எப்போது உண்கிறார்கள், எப்போது வேலையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒலிபரப்பை அதற்கேற்ப அமைக்கலாம். போர்க்கால அரசுக்கு வானொலி முதன்மையான கருவி. ஆகவே அக்கணக்கெடுப்பு மக்களின் நாளைத் தெரிந்துகொள்ள விரும்பியதே தவிர, அரசைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. தணிக்கையும் 1925-ஆம் ஆண்டின் அமைதிப் பாதுகாப்புச் சட்டமும் நடப்பில் இருந்த நாட்டில் அப்படிக் கேட்கவும் இயலாது.

போருக்குப் பின்: மாதிரி முறையின் வருகை

1945-இல் ஜப்பான் சரணடைந்த பின் நேசப்படைகளின் நிர்வாகம் ஏற்பட்டது. அதன் குடிமைத் தகவல் மற்றும் கல்விப் பிரிவு கருத்துக் கணிப்பை மக்களாட்சியின் ஒரு பகுதியாகக் கருதி ஊக்குவித்தது. மானிடவியலாளர் ஹெர்பர்ட் பாசின் அப்பணியில் முன்னின்றார். ஜப்பானியப் புள்ளியியலாளர்களும் மொழியியலாளர்களும் சமூகவியலாளர்களும் உடன் பணியாற்றினர்.

இக்காலத்தில் வேரூன்றியதே சமவாய்ப்பு மாதிரி முறை. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நாம் அறிந்த பழமொழி. ஆனால் மக்கள் எல்லோரும் ஒரே பானையில் ஒன்றுபோல் வெந்தவர்கள் அல்லர். நகரத்தார், உழவர், முதியோர், இளையோர், ஆண், பெண் என யாவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இருக்க வேண்டும். அப்போதுதான் சில ஆயிரம் பேரின் விடையைக் கொண்டு ஒரு நாட்டைப் பற்றிப் பேச முடியும்.

1948-இல் நடந்த எழுத்தறிவு ஆய்வு இம்முறையின் முதல் பெரிய சோதனை. நாட்டின் 270 இடங்களில், 15 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 17,000 பேர் அதில் தேர்வு எழுதினர். மாதிரியை வகுத்த குழுவில் கணிதப் புள்ளியியல் நிறுவனத்தின் ஹயாஷி சிகியோ இருந்தார். எழுதப் படிக்க அறவே தெரியாதவர்கள் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே என்று முடிவு வந்தது. சீன வடிவ எழுத்துகள் மக்களுக்குக் கடினம், ஆகவே உரோமன் எழுத்துக்கு மாற வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு அம்முடிவு துணைநிற்கவில்லை.

1953-இல் அதே நிறுவனம் ஜப்பானியர் தேசியப் பண்பு ஆய்வைத் தொடங்கி, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தி வருகிறது. பிரதமர் அலுவலகம் 1958-இல் மக்கள் வாழ்க்கை பற்றிய கருத்துக் கணிப்பைத் தொடங்கியது. பின்னாளில் அமைச்சரவை அலுவலகம் அதை ஏற்றது. என்.எச்.கே. தன் நேரக் கணக்கெடுப்பை 1960 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடத்தலாயிற்று. 1973-இல் ஜப்பானியர் மனப்பாங்கு ஆய்வையும் தொடங்கியது. அரசின் புள்ளியியல் பணியகம் 1976 முதல் சமூக வாழ்க்கை அடிப்படை ஆய்வை நடத்துகிறது. 2021-ஆம் ஆண்டு ஆய்வில் ஏறத்தாழ 90,000 குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

"பத்துக் கோடிப் பேரும் நடுத்தரம்"

உங்கள் குடும்பத்தின் வாழ்க்கைத் தரம் பிறரோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கிறது என்பது பிரதமர் அலுவலகக் கணிப்பின் ஒரு கேள்வி. 1958-இல் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் தம்மை நடுத்தரம் என்றனர். 1970-க்குள் அது ஏறத்தாழ 90 விழுக்காடாக உயர்ந்தது. "இச்சியோகு சோசூர்யூ", அதாவது பத்துக் கோடிப் பேரும் நடுத்தர வகுப்பினர் என்ற தொடர் நாடெங்கும் பரவியது.

இந்த எண்ணை விளங்கிக்கொள்ள வினாத்தாளைப் பார்க்க வேண்டும். கொடுக்கப்பட்ட விடைகள் ஐந்து: மேல், நடுவில் மேல், நடுவில் நடு, நடுவில் கீழ், கீழ். ஐந்தில் மூன்று "நடு" என்ற சொல்லைக் கொண்டவை. தம்மை மேல் என்று சொல்லக் கூச்சம், கீழ் என்று சொல்ல வருத்தம். ஆகவே பெரும்பாலோர் நடுவைத் தேர்ந்ததில் வியப்பில்லை. அதற்காக அவ்விடை பொய் என்றும் கொள்ளக் கூடாது. 1950-களின் நடுவில் பத்து வீட்டில் ஒன்றில்கூட இல்லாத கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி, 1965-க்குள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது வீடுகளை அடைந்துவிட்டது. அண்டை வீட்டில் இருப்பது தம் வீட்டிலும் இருக்கிறது என்ற நிறைவு உண்மையானது. வருமானமும் சொத்தும் சமமாகிவிட்டன என்பதற்கு மட்டும் அது சான்றாகாது.

உறக்கமும் தொலைக்காட்சியும்

என்.எச்.கே. நேரக் கணக்கெடுப்பில் 10 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் தாம் செய்தவற்றை 15 நிமிடக் கட்டங்களில் குறிக்கின்றனர். கணக்கெடுக்கும் முறை இடையில் சிலமுறை மாறியிருப்பதால், நிமிட வேறுபாடுகளைவிட நீண்ட காலப் போக்கையே நம்ப வேண்டும்.

அப்போக்கு தெளிவானது. வார நாளில் சராசரி உறக்கம் 1960-இல் 8 மணி 13 நிமிடம். 2010-இல் 7 மணி 14 நிமிடம். அரை நூற்றாண்டில் ஏறத்தாழ ஒரு மணி நேர உறக்கம் குறைந்துவிட்டது. தொலைக்காட்சி பார்க்கும் நேரம் 1960-இல் வார நாளுக்கு 56 நிமிடமாக இருந்து, 1965-இல் 2 மணி 52 நிமிடமாக உயர்ந்தது. ஐந்தே ஆண்டுகளில் மூன்று மடங்கு. 1963 டிசம்பர் 31 இரவு ஒளிபரப்பான "கோஹாகு" பாட்டுப் போட்டி நிகழ்ச்சியைத் தோக்கியோ வட்டாரத்தில் 81.4 விழுக்காட்டு வீடுகள் பார்த்தன என்ற பார்வையாளர் கணக்கும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பின்னர் அலை திரும்பியது. வார நாளில் தொலைக்காட்சி பார்ப்போர் 2015-இல் 85 விழுக்காடு. 2020-இல் 79 விழுக்காடு. 16 முதல் 19 வயதினரில் அது 47 விழுக்காடே. குடும்பம் முழுவதும் ஒரு பெட்டியின் முன் அமர்ந்த காலம் இளையோரைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது.

ஓய்வை விரும்பிய மனம், ஓய்வில்லாத உடல்

எதிர்காலத்தில் வாழ்க்கையின் எந்தப் பகுதிக்கு முதன்மை தருவீர்கள் என்ற அரசுக் கணிப்பின் கேள்விக்கு நெடுங்காலம் முதல் விடையாக இருந்தது வீட்டு வசதி. 1983-இல் ஓய்வும் பொழுதுபோக்கும் அதை முந்தின. அதற்குச் சற்று முன்பே, பொருள் வளத்தைவிட மன நிறைவே வேண்டும் என்போர் மிகுந்திருந்தனர். என்.எச்.கே. மனப்பாங்கு ஆய்விலும், 1973-இல் முன்னணியில் இருந்த "ஓய்வைவிட வேலையே முதன்மை" என்ற விடை பின்னர் குறைந்து, இரண்டையும் சமமாகக் கொள்வோர் பெருகினர்.

ஆனால் 1980-களின் நடுவில் ஒரு தொழிலாளியின் சராசரி வேலை நேரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மணி. மிகை வேலையால் நேரும் இறப்பைக் குறிக்கும் "கரோஷி" என்ற சொல் பொது வழக்கில் வந்ததும் அப்பத்தாண்டிலேயே. 1987-இல் திருத்தப்பட்ட தொழிலாளர் தரச் சட்டம் வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற இலக்கை வைத்தது. ஆண்டுக்கு 1,800 மணி என்பது அரசின் குறிக்கோளானது. பின்னர் சராசரி குறைந்தது. எனினும் பகுதி நேரப் பணியாளர்கள் பெருகியது அதற்கு முக்கியக் காரணம். முழு நேரப் பணியாளர்களின் சுமை அந்த அளவுக்குக் குறையவில்லை.

வீட்டுப் பணியிலும் இதே முரண்பாடு உண்டு. கணவர் வெளியில் உழைக்க, மனைவி வீட்டைக் காக்க வேண்டும் என்ற கருத்தை 1979-இல் 72.6 விழுக்காட்டினர் ஏற்றனர். 2019-இல் 35 விழுக்காட்டினரே ஏற்றனர். ஆனால் 2021-ஆம் ஆண்டு நேரக் கணக்குப்படி, 6 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் கணவர் வீட்டுப் பணிக்கும் குழந்தை வளர்ப்புக்கும் செலவிட்டது நாளுக்கு 1 மணி 54 நிமிடம். மனைவி செலவிட்டது 7 மணி 28 நிமிடம். கருத்து மாறிய வேகத்தில் கடிகாரம் மாறவில்லை.

விளையாட்டுக் கூடமும் புத்தகமும்

ஓய்வு மேம்பாட்டு மையம் 1977-இல் தொடங்கிய "ஓய்வு வெள்ளை அறிக்கை" பொழுதுபோக்குகளை ஆண்டுதோறும் பட்டியலிடுகிறது; இப்போது ஜப்பான் உற்பத்தித்திறன் மையம் இதை வெளியிடுகிறது. சிறு எஃகு உருண்டைகளைக் கொண்டு ஆடும் பச்சிங்கோ விளையாட்டில் 1990-களின் நடுவில் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் ஈடுபட்டனர். 2020-களில் அது ஒரு கோடிக்கும் கீழே இறங்கியது. நெடுங்காலம் முன்னணியில் இருந்த உள்நாட்டுச் சுற்றுலாவை, பெருந்தொற்றுக் காலமான 2020-இல் காணொளி பார்த்தல் முந்தியது.

மாணவர்களுக்கு நெருக்கமானது வாசிப்புக் கணிப்பு. மைனிச்சி செய்தித்தாள் 1947-இல் வாசிப்பு பற்றிய கணிப்பைத் தொடங்கியது. பின்னர் பள்ளி நூலகங்களின் தேசிய அமைப்புடன் சேர்ந்து பள்ளி மாணவர்களின் வாசிப்பையும் கேட்டு வந்தது. ஒரு மாதத்தில் ஒரு புத்தகமும் படிக்காத நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 1990-களின் இறுதியில் ஏறத்தாழ பாதிப் பேர். 1988-இல் சீபா மாநிலத்தின் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கிய, பாடத்துக்கு முன் பத்து நிமிடம் விரும்பியதைப் படிக்கும் வழக்கம் நாடெங்கும் பரவியது. 2019-இல் படிக்காத நடுநிலை மாணவர்கள் 12.5 விழுக்காடாகக் குறைந்தனர். ஆனால் உயர்நிலை மாணவர்களில் 55.3 விழுக்காட்டினர் அந்த மாதத்தில் ஒரு புத்தகமும் படிக்கவில்லை. பள்ளியில் நேரம் ஒதுக்கியபோது படித்த பிள்ளைகளில் பலர், வளர்ந்து நுழைவுத் தேர்வுச் சுமை ஏறியபின் அப்பழக்கத்தை விட்டுவிடுகின்றனர்.

விடை தருவோர் குறைதல்

இக்கணிப்புகளுக்கு இன்றுள்ள பெரிய இடையூறு விடை தருவோர் குறைவது. தேசியப் பண்பு ஆய்வில் 1953-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் விடை தந்தனர். 2013-இல் 50 விழுக்காட்டினரே தந்தனர். பகலில் பூட்டிய வீடுகள், தனியாக வாழ்வோர், அந்நியருக்குக் கதவு திறக்கத் தயக்கம் எனக் காரணங்கள் பல. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2005-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த பின் மக்கள் மேலும் எச்சரிக்கையாயினர். நேரில் சென்று கேட்ட சில ஆய்வுகள் அஞ்சல் முறைக்கு மாறின.

இதில் இழப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும். நள்ளிரவு வரை வேலை செய்பவர், இரண்டு வேலை பார்க்கும் இளைஞர், குழந்தையைத் தனியே வளர்க்கும் தாய் ஆகியோருக்கே வினாத்தாளை நிரப்ப நேரம் மிகக் குறைவு. ஓய்வு இல்லாதவர்கள் ஓய்வு பற்றிய கணிப்பிலிருந்து விடுபட்டால், நாட்டில் ஓய்வு மிகுந்திருப்பதாகத் தோன்றும். சட்டமும் திட்டமும் அத்தோற்றத்தை நம்பி எழுதப்படும்.

எனவே ஒரு கணிப்பைப் படிக்கும் மாணவர் விழுக்காட்டைக் குறித்துக்கொள்வதோடு நின்றுவிடாமல் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார், எந்த விடைகளைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார், எத்தனை பேர் விடை தரவில்லை, மக்கள் சொன்னதும் செய்ததும் ஒத்துப்போகின்றனவா? 1925-இல் கின்சா தெருவில் நின்று எண்ணியவர்கள் முதல் இன்றைய புள்ளியியல் பணியகம் வரை, ஒரே மக்களைப் பலர் பல முறைகளில் அளந்து வைத்திருப்பதால், ஜப்பானைப் பொறுத்தவரை இக்கேள்விகளுக்குப் பெரும்பாலும் விடை காண முடிகிறது.